ஊசுட்டேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"அத்தை! பறவை எங்கே?"

இந்தக் கேள்விக்கு நான் விழித்த விழி இருக்கிறதே, அதை என் விரோதிகூடப் பார்த்திருக்கக் கூடாது!

தை மாதம். சென்னையிலிருந்து என் நாத்தனாரும் அவள் ஆறு வயது மகளும் வந்திருந்தார்கள். கடற்கரை, பாரதி பூங்கா எல்லாம் பார்த்தாகிவிட்டது. "ஊசுட்டேரிக்குப் போவோம். கூழைக்கடா பார்க்கலாம், சைபீரியாவிலிருந்து பறந்து வரும் ஊசிவால் வாத்தைப் பார்க்கலாம்" என்று ஜம்பமாக அழைத்துப் போனவள் நான்தான்.

புதுச்சேரிப் பகுதியிலேயே மிகப் பெரிய ஏரி அது. நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஒரு பகுதி நம்முடையது. மறு பகுதி தமிழ்நாட்டினுடையது. நம் பக்கம் 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னால் தமிழ்நாடும் தன் பக்கத்தை அப்படியே அறிவித்தது. பறவைகளுக்கு மட்டுமா அந்த ஏரி? அதில் தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித்தான் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் ஊறுகிறது.

இத்தனையும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். கரையில் இறங்கினோம். காலடியில் கண்ணாடிச் சில்லு! ஒரு பக்கம் முள் புதர். இன்னொரு பக்கம் யாரோ சாப்பிட்டுப் போட்ட தட்டுகள், டம்ளர்கள். திடீரென்று குழந்தை, "அத்தை, அதோ கொக்கு!" என்று குதித்தாள். கிட்டே போய்ப் பார்த்தால், கோரைப் புல்லில் சிக்கிக் காற்றில் ஆடும் வெள்ளைப் பிளாஸ்டிக் பை.

மனசு விட்டுப்போயிற்று. ஒரு மர நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைச் சேர்த்துக் கட்டப் போனேன்.

"விடுங்க அண்ணி! இவ்வளவு குப்பையிலே இதுவா தெரியப் போகுது?" என்றாள் நாத்தனார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தட்டுகளைக் கீழே வைத்தும் விட்டேன்.

"அத்தை, நாளைக்கு வர பாப்பா இதையும் கொக்குன்னு நினைச்சுக்குமே?" என்றாள் குழந்தை.

பேசாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் திணித்தேன். நாத்தனாரும் தன் பங்குக்கு அக்கம்பக்கத்தில் கிடந்த நாலைந்து டம்ளர்களைப் பொறுக்கினாள்.

திரும்பும்போது நடு ஏரியில் கறுப்புப் புள்ளிகளாகச் சில நாமக்கோழிகள் தெரிந்தன. அவை கிட்டே வரவில்லை. நம்மிடம் என்ன மரியாதையைக் கண்டன, கிட்டே வர?

காவல் வேண்டும், குப்பைத் தொட்டி வேண்டும், பாதையைச் சீராக்க வேண்டும், எல்லாம் சரி. கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். ஆனால் அந்தத் தட்டுகள் அத்தனையும் நம்மைப்போன்ற குடும்பங்களின் கூடையிலிருந்து இறங்கியவைதானே?

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அது யாருக்காக? ஊர் ஜனங்களின் தாகம் தீரக் குளம் வெட்டினாள் என்று கதை சொல்கிறார்களே, அந்த ஒரு பெண்ணுக்காக! நம்மைக் குளம் வெட்டும்படி யாரும் கேட்கவில்லை. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.

ரயில் ஏறும்போது குழந்தை என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "அடுத்த தைக்கு வரேன் அத்தை. அப்ப நிஜக் கொக்கு காட்டணும்!"

காட்ட வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை.