நெடுவழிக்கு எந்தச் சைக்கிள்?

 

ராயபுரத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று பனியன் கம்பெனியொன்றில் பணிபுரிகிறார். சென்ற வாரம் அவர் வந்து, "ஹஜ்ரத், 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. டைட்டானியம் சைக்கிளைத் தவணையில் தருகிறார்களாம். அத்தா அதை வீண்விரயம் என்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

டைட்டானியம் உயர்ந்த உலோகமே. எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இதன் அடர்த்தி 4.5 மட்டுமே. மழையிலும் வியர்வையிலும் துருவேறாது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே இதன் தாதுவான இல்மனைட் உண்டு. எனினும், மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது பெரும்பாடு. பற்றவைக்கும்போது காற்றுப் பட்டால் மூட்டு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆதலால் ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைக்க வேண்டும். விலை ஏறுவது இதனால்தான். மிகமலிவாகக் கிடைத்தால் மூட்டின் தரத்தை விசாரியுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனில், பிரேமில் 1 கிலோ குறைந்தாலும் மிஞ்சுவது எண்பதில் ஒரு பங்குதான். ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சியை நோக்கி மிதித்தவர் அறிவார்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த உலோகத்துக்கும் இரக்கம் காட்டுவதில்லை. இத்தகைய பயணங்களுக்குப் பாரிஸ் நகரத்து ஓடாக்ஸ் சங்கம் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் உண்டு. இது வேகப் போட்டியன்று, பொறுமையின் சோதனை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உடலின் அளவை. பெடல் அடியில் நிற்க, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஹேண்டில்பாரை எட்டும்போது முதுகும் தோளும் இறுகக் கூடாது. 28 முதல் 32 மில்லிமீட்டர் அகல டயர் ஏறுமா என்று பாருங்கள். உடலுக்குச் சுகம் தருவதில் உலோகத்தைவிட டயருக்கே பங்கு அதிகம். மேட்டில் ஏற, முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்துக்குச் சமமான பெரிய பல்சக்கரம் பின்னால் இருத்தல் நலம்.

அடுத்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டப் பணித்த நபிகளாரின் (ஸல்) வழியில் தற்காப்பைச் செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, இரவில் ஒளிரும் மேலாடை, மாற்று டியூப் இரண்டு, பம்ப் ஆகியவை அவசியம். தண்ணீர்ப் பாட்டில் இரண்டு வையுங்கள். லுஹரும் அஸரும் வழியில்தானே வரும், ஒளுவுக்கும் ஆகும்.

வட்டித் தவணை என்றால் உலோகத்தைப் பற்றிய பேச்சே எழாது; அது நமக்கு விலக்கப்பட்டது. கைப்பணத்தில் நல்ல எஃகுச் சைக்கிளை வாங்கி, மீதியை டயருக்கும் விளக்குக்கும் செலவிடட்டும். குடும்பக் கடமைகளும் ஜகாத்தும் போக மிஞ்சிய சேமிப்பில், நெடுங்காலம் உழைக்கும் டைட்டானியத்தைப் பிற்பாடு வாங்கினால், அதையும் விரயம் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டாமல் சுவரில் சாத்தி வைத்தால், மலிவான வண்டியும் விரயமே.

இதைக் கேட்ட மாணவர், தம் அத்தாவையும் அழைத்துக்கொண்டே கடைக்குப் போவதாகச் சொல்லிச் சென்றார். உடல் நலம் அல்லாஹ் நமக்களித்த அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.