கூலிக்கு எதற்கு ஸ்டாப்வாட்ச்?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அட்டாலிஸா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்களைப் பல வருடங்கள் தங்கவைத்திருந்தார்கள். விடியுமுன் எழுந்து பக்கத்து ஊர் ஆலைக்குப் போக வேண்டும். வரிசையாகத் தொங்கி வரும் வான்கோழிகளின் குடலை உருவி எடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் நின்றாலும் மாதத்துக்கு 65 டாலர்தான். மீதியைத் தங்குமிடம், சாப்பாடு என்று கணக்குச் சொல்லி ஹென்றிஸ் டர்கி சர்வீஸ் நிறுவனமே எடுத்துக்கொண்டது.

2009-ல் அந்த விடுதி மூடப்பட்டு, வழக்கு நடந்தது. இதே வேலைக்கு மற்றவர்கள் மணிக்கு 11, 12 டாலர் வாங்குகிறார்கள் என்பது கோர்ட்டில் நிரூபணமானது. 32 பேருக்கும் சேர்த்து 24 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. சிறிய நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பால் அது ஆளுக்கு 50,000 டாலராகச் சுருங்கிப்போனது.

அந்த நிறுவனம் சட்டத்தை மீறியது. ஆனால், சட்டமே குறைந்த கூலிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறதே! 1938-ல் வந்த அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதிக்கிறது. இவர்களுக்கென்றே நடத்தும் பட்டறைகளில், குறைபாடு இல்லாத ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி மடிக்கிறார் என்று நேரம் வைத்து அளப்பார்கள். அதில் பாதி மடிப்பவருக்குப் பாதிக் கூலி. தலைவலியோடு வேலை பார்த்த குமாஸ்தாவுக்கு அன்றைய சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை. இவர்களுக்கு மட்டும் ஏன் இந்த ஸ்டாப்வாட்ச்? இந்த அனுமதியைப் படிப்படியாக நிறுத்த 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு முன்வந்தது. 2025 ஜூலையில் பின்வாங்கிவிட்டது.

‘முழுக் கூலி கேட்டால் பட்டறையை மூடிவிடுவார்கள். பிள்ளை வீட்டிலேயே முடங்கிவிடுவான்’ என்று பயப்படும் பெற்றோர் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் என்று தினமும் நினைப்பவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால், வெர்மான்ட் மாநிலம் தன் கடைசிப் பட்டறையை 2002-லேயே மூடிவிட்டது. அங்கே பயிற்றுநர் கடைக்கும் ஆபீஸுக்கும் கூடவே போய், வேலை பிடிபடும்வரை பக்கத்தில் நின்று பழக்கிக்கொடுக்கிறார். பட்டறைக்குச் செலவழித்த பணத்தை இப்படியும் செலவழிக்கலாம்.

நம் நாட்டின் 1948-ம் வருடக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இதே ஓட்டை இருந்தது. ஊனமுற்ற தொழிலாளிகளின் கூலி விஷயத்தில் சட்டம் செல்லாது என்று அரசே உத்தரவிட அதன் 26-வது பிரிவு இடம்கொடுத்தது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கீடு தருகிறது. நல்லதுதான். பயிற்சி மையத்தில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை கவர் ஒட்டும் இளைஞருக்கு அது எட்டுமா? அவர் கைக்கு வருவது பெரும்பாலும் ‘ஊக்கத்தொகை’ என்ற பெயரில் ஒரு சிறு தொகைதான்.

அந்தக் கவர்களையும், தீபாவளிக்கு அகல்விளக்குகளையும் ஸ்டாலில் நாம் நல்ல மனதோடு வாங்குகிறோம். அடுத்த முறை வாங்கும்போது, ‘இதைச் செய்தவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?’ என்றும் கேளுங்கள். மையங்களுக்கு மானியம் தரும் அரசு, இதே கேள்வியை எழுத்தில் கேட்டு, கூலிக் கணக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். மையத்தால் முழுக் கூலி கொடுக்க முடியாவிட்டால், குறைகிற தொகையை அரசே போட்டுக் கொடுக்கட்டும்.