எட்டரை வெள்ளி எருமை நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டு அலமாரியை ஒழித்தபோது அப்பாயியின் பழைய மைலோ டின் கிடைத்தது. ஊசி, நூல், அறுந்த மணிகள். அடியில் நான்காய் மடித்த ஒரு பத்து வெள்ளி நோட்டு. எருமை பூட்டி உழும் விவசாயி படம். ‘மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ’ என்ற பெயர். 1961ஆம் ஆண்டு, மார்ச் 1 என்று தேதி.

அண்ணன் மகன் உடனே கைப்பேசியை எடுத்துவிட்டான். “சித்தி, இது எவ்வளவுக்குப் போகும்?”

“எட்டு வெள்ளி ஐம்பது காசு” என்றார் பெரியப்பா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சிங்கப்பூர் தனக்கென்று வெள்ளியை வெளியிட்டது 1967 ஜூன் 12ஆம் தேதி. ஆர்க்கிட் பூ போட்ட நோட்டுகள். பழைய நோட்டும் கூடவே புழங்கியது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் இரண்டையும் ஒரே கல்லாவில்தான் போட்டார்களாம். அப்பாயிக்கு மட்டும் புது நோட்டில் நம்பிக்கை இல்லை. “பூப்போட்ட காகிதத்தை நம்பி இருக்கிறதை மாத்தவா?” என்று, அத்தை கல்யாணத்துக்குச் சேர்த்த நானூறு வெள்ளியைப் பழைய நோட்டாகவே டின்னில் வைத்திருந்தார்.

நவம்பர் 18, சனிக்கிழமை. பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு பவுண்டுக்கு 2.80 அமெரிக்க டாலர். அதன் பிறகு 2.40. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போயிற்று. பழைய மலாயா வெள்ளி பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே இறங்கியது. புது சிங்கப்பூர் வெள்ளி இறங்கவில்லை. ஆக, பழைய ஒரு வெள்ளிக்குப் புதுக் காசில் 85 காசு. மலேசியாவிலும் இதே கணக்குதான். பினாங்கில் கடையடைப்பு கலவரமாகி உயிர்ச்சேதம் வரை போனது.

அப்பாயியின் நானூறு, முந்நூற்று நாற்பதாகியது. ஐந்து மாதம் முழுசாக மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தது. பேங்குக்குப் போய்ப் பழக்கமில்லாத, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பதுக்கிவைத்த பெண்களிடம்தான் பழைய நோட்டு அதிகம் தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் அவர்கள் எங்கே வரப்போகிறார்கள்?

நாமும் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை. 2016 நவம்பர் 8 இரவு இந்தியாவில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்களே, அன்று என் அம்மாவின் கைப்பையில் மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆட்டோவுக்கு ஆகும் என்று வைத்தது. தேக்காவில் மாற்றக் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள். அது அடியோடு போனது. ஆனால் 2023இல் திரும்பப் பெறப்பட்ட இரண்டாயிரம் ரூபாய் நோட்டு அப்படியில்லை. செல்லாது என்று அதை அறிவிக்கவில்லை. சாதாரண வங்கிகளில் மாற்றும் காலம் அந்த ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதியோடு முடிந்தது, அவ்வளவுதான். அதன்பின் ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட அலுவலகங்களில் வாங்கிக்கொண்டார்கள். சென்னையிலும் ஒன்று உண்டு. பயணப் பெட்டியின் பக்கப் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

எருமை நோட்டுக்குத் திரும்புவோம். சேகரிப்பாளர் விலை என்பது வேறு கணக்கு. மடிப்பில்லாத நோட்டுக்குத்தான் மவுசு. அப்பாயியின் நான்கு மடிப்பைப் பார்த்தால் அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

“மீதியை எல்லாம் மாத்திட்டு, இதை மட்டும் ஏன் வச்சிருந்தாங்க?” என்று கேட்டேன்.

“கோபம்” என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு வானொலியில் செய்தி ஓடும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாதாம். அடுப்பில் சாதம் பொங்கினாலும் சரி, செய்தி முடிந்துதான் அப்பாயி எழுந்திருப்பாராம்.