பிழைத்தவர் சொல்: சாகசக் கதையா, சாட்சியமா?

புயலில் சிக்கி மீண்ட கடலோடிகளின் கதைகளை முதலாளித்துவ ஏடுகள் விரும்பிப் பதிப்பிக்கின்றன. மலைபோல் எழுந்த அலை, இருளில் கேட்ட அலறல், சாவின் விளிம்பில் நினைவுக்கு வந்த குழந்தையின் முகம், கடைசி நேரத்தில் தென்பட்ட போர்க்கப்பலின் விளக்கு என்று வாசகர் கண் கலங்க வேண்டிய இடங்களெல்லாம் அவற்றில் ஒழுங்காக அமைந்திருக்கும். நான்கு நாளில் கதை பழசாகிவிடும். சொன்னவர் அடுத்த ஒப்பந்தம் தேடிப் புறப்பட்டிருப்பார். ஆனால் அதே மனிதர்களின் பேச்சைக் கவனித்துக் கேட்டால், அவர்கள் அலையின் உயரத்தைவிட வேறு செய்திகளையே அழுத்திச் சொல்வது தெரியும். எச்சரிக்கை எப்போது வந்தது, கரைக்குத் திரும்பும் உத்தரவு ஏன் வரவில்லை, நங்கூரங்கள் எப்போது அறுந்தன, உயிர்காப்பு மிதவையைக் கடலில் இறக்கியபோது அது ஏன் மிதக்கவில்லை? இவை கதைக்குரிய விவரங்கள் அல்ல, குற்றப்பத்திரிகைக்குரிய விவரங்கள்.

2021 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். அரபிக்கடலில் உருவான அந்தப் புயலுக்கு மியான்மர் அளித்திருந்த பெயர் டவ்தே. அந்நாட்டு மொழியில் பல்லி வகை ஒன்றைக் குறிக்கும் சொல் அது. பல்லி சொன்னால் பலன் பார்க்கும் நாடு நம்முடையது. ஆனால் இந்தப் பல்லி பல நாள் முன்பே சொல்லியும், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மே 14 அன்று இலட்சத்தீவுப் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. பின்னர் அது புயலானது. 17ஆம் தேதி இரவு அதிதீவிரப் புயலாகக் குஜராத் கரையைக் கடந்தது. எண்ணெய் வயல்கள் நிறைந்த மேற்குக் கடற்பரப்பை ஒட்டியே அதன் பாதை அமைந்திருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே எச்சரித்தது. மீனவர் பலர் கரை திரும்பினர்.

ஆனால் மும்பைக்கு அப்பால் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், ஹீரா எண்ணெய் வயலில், பி-305 என்ற பார்ஜ் நின்றுகொண்டிருந்தது. அதில் 261 பேர். ஓஎன்ஜிசி நிறுவனத்தின் எண்ணெய் மேடைகளில் வேலை செய்வதற்காகக் கொண்டுவரப்பட்டுத் தங்கவைக்கப்பட்ட தொழிலாளர்களும், அவர்களுக்குச் சமைத்தவர்களும், பார்ஜின் மாலுமிகளும். இத்தகைய பார்ஜுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு வந்து இழுத்தால்தான் நகரும். நங்கூரத்தை நம்பி நடுக்கடலில் நிற்கும் ஒரு தொழிலாளர் விடுதி என்றே அதைச் சொல்ல வேண்டும். அதைப் புயலின் வழியில் விட்டுவைப்பது, வேகமாக ஓடத் தெரிந்த கப்பலை விட்டுவைப்பது போன்றதன்று. காலைக் கட்டிப்போட்டுவிட்டு வெள்ளத்தைத் திறந்துவிடுவது போன்றது.

நங்கூரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கட்டிழந்த பார்ஜ் எண்ணெய் மேடையொன்றில் மோதியது. ஓட்டை விழுந்தது, நீர் புகுந்தது. மே 17 மாலையில் மூழ்கியது. உயிர்காப்பு அங்கி அணிந்து கடலில் குதித்தவர்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றி வட்டமாக மிதந்தார்கள். பல மணி நேரம் அப்படியே கிடந்தார்கள். மிதவைகளில் பெரும்பாலானவை ஓட்டையாகிக் கிடந்தன, கடலில் இறக்க முடிந்தவை மிகச் சிலவே என்று பிழைத்துவந்த பொறியாளர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே சொன்னார். வரப்பிரதா என்ற இழுவைப் படகும் அதே புயலில் மூழ்கியது. அதிலிருந்த 13 பேரில் பிழைத்தவர் இருவர். இரண்டு கலங்களிலும் சேர்த்து இறந்தவர் 86 பேர். உடல்கள் ராய்கட் கரையிலும், குஜராத்தின் வல்சாட் கரையிலும் ஒதுங்கின. பலரை மரபணுச் சோதனை செய்தே அடையாளம் காண முடிந்தது.

ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் கொல்கத்தா ஆகிய போர்க்கப்பல்களின் மாலுமிகள் அந்தக் கடலில் ஆற்றிய பணியைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளே. 188 உயிர்கள் மீண்டதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களுடைய துணிவைத் திரையாகப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஒளிந்துகொள்வதற்கு முதலில் கிடைத்தவர் பார்ஜின் தலைவர். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அங்கேயே நிற்க முடிவெடுத்தவர் அவர்தான் என்றார்கள். காவல்துறை அவர்மீது வழக்குப் பதிந்தது. அவரோ அந்தக் கடலிலேயே மாண்டுபோயிருந்தார். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்பது எவ்வளவு வசதி! அவர் தவறியிருக்கலாம். காற்று அவ்வளவு கடுமையாக வீசாது, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்று அவர் நம்பியதாகப் பிழைத்தவர்களே கூறியிருக்கிறார்கள். ஆனால் 261 பேரின் உயிர் ஒரு மனிதரின் கணிப்பில் தொங்கும் ஏற்பாட்டை உருவாக்கியவர் யார்? மேடை ஓஎன்ஜிசியுடையது. வேலை ஆஃப்கான்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம். பார்ஜ் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். தொழிலாளரில் பலர் அதற்கும் கீழே உள்ள ஆள்பிடிப்பு ஒப்பந்தக்காரர்கள் வழியாக வந்தவர்கள். விபத்து நடந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு படியும் தனக்குக் கீழ்ப்படியைக் கைகாட்டியது. எல்லாக் கலங்களையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டோம் என்றது ஒப்பந்த நிறுவனம். பார்ஜோ எண்ணெய் மேடையிலிருந்து சில நூறு மீட்டர் மட்டுமே விலகி நின்றிருந்தது. இத்தொழிலின் பொருளாதாரம் அறிந்தவர்களுக்கு இது புதிரல்ல. பருவமழை தொடங்கிவிட்டால் மேற்குக் கடலில் கட்டுமான வேலை நின்றுவிடும். மே மாதத்தின் கடைசி நாள்கள் ஒவ்வொன்றும் பணம். துறைமுகத்துக்கு இழுத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவதற்கு நாள் கணக்கும் செலவுக் கணக்கும் உண்டு. 261 பேரின் உயிருக்கு அந்தக் கணக்கில் பத்தி ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது மறைவிடம் இயற்கை. ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்றொரு தொடர் ஒப்பந்தப் பத்திரங்களில் உண்டு. மொழிபெயர்ப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் எரிச்சலூட்டும் தொடர் அது. ‘தெய்வச் செயல்’ என்று தமிழாக்கினால், நம் ஊரில் பிழைத்து வந்தவர் சொல்லும் நன்றிச் சொல்லாகிவிடுகிறது. மூலத்திலோ அது செத்தவருக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்கும் வாசல். தெய்வம் புயலை அனுப்பியிருக்கட்டும். மிதவையில் ஓட்டை போட்டதும் அதுதானா?

அரசு விசாரணைக் குழு அமைத்தது. அமைத்தது பெட்ரோலிய அமைச்சகம், அதாவது ஓஎன்ஜிசி எந்த அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறதோ அதே அமைச்சகம். உறுப்பினர் மூவர்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர், ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநர், பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைச் செயலாளர். முதலாமவர் கலங்களின் பாதுகாப்பை மேற்பார்வையிடும் துறையின் தலைவர்; இரண்டாமவர் அதே பெட்ரோலிய அமைச்சகத்தின் அதிகாரி. மாலுமிகளின் சங்கத்திலிருந்து ஒருவர், எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர், பன்னிரண்டு மணி நேரம் உப்புநீரில் கிடந்து திரும்பிய ஒருவர் என்று ஓர் இருக்கைகூடப் போடப்படவில்லை. பிழைத்தவரின் கண்ணீருக்குத் தொலைக்காட்சியில் இடமுண்டு. அவருடைய அறிவுக்குக் குழுவில் இடமில்லை.

இது முதல் முறையும் அல்ல. 2005 ஜூலை 27 அன்று, பருவமழைக் கடலின் கொந்தளிப்பில், சமுத்ர சுரக்ஷா என்ற துணைக்கப்பல் மும்பை ஹை வடக்கு மேடையின் எண்ணெய்க் குழாயில் மோதியது. மேடை எரிந்து அழிந்தது. 22 பேர் மாண்டனர். கைவிரல் அறுபட்ட சமையல்காரர் ஒருவரை மேடைக்கு மாற்றவே அந்தக் கப்பல் நெருங்கியிருந்தது. அதன் பின்னர், 2008இல், கடல்சார் எண்ணெய்ப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் வந்தன. விதிகள் ஏட்டில் இருக்க, பதின்மூன்று ஆண்டுக்குப் பின் 86 பேர் மாண்டனர்.

நம் தென்கரையும் இதை அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, குமரி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போன பிறகே புயல் எச்சரிக்கை கிடைத்தது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாள் கணக்கில் கிடந்து மீண்டவர்கள் சொன்னதும், தேடுதல் போதவில்லை என்று தாங்களே படகெடுத்துச் சென்ற ஊரார் சொன்னதும் ஒரே செய்திதான். எங்கே தேட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், எங்களைக் கேட்கத்தான் ஆளில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில், தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகில் படுகாயமுற்றுக் கிடந்தார் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. நாடே அவருக்காகத் துடித்தது. ஆஸ்திரேலியா ஒருங்கிணைக்க, இந்திய விமானம் இடத்தைக் கண்டறிய, பிரெஞ்சுக் கப்பலொன்று மூன்று நாளில் அவரை மீட்டது. அவருடைய நெஞ்சுரம் போற்றத்தக்கது. அந்த மீட்பு மானுடம் தன் கடமையைச் செய்ததன் அடையாளம். எல்லாக் கடலோடிக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் விருப்பத்தோடு புயலை எதிர்கொண்டவரின் கதை வீர காவியமாகிறது. சம்பளத்துக்காகப் புயலில் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் கதையோ எண்ணிக்கையாகிறது. முன்னவரிடம் தாம் இருக்குமிடம் காட்டும் கருவி இருந்தது. பின்னவர்களிடம் ஓட்டை மிதவை இருந்தது.

இந்தப் பாகுபாடு இலக்கியத்திலும் உண்டு. ஜோசப் கான்ராட் 1902இல் எழுதிய ‘டைஃபூன்’ என்ற குறுநாவல் கடற்புயல் இலக்கியத்தின் உச்சமாகக் கொண்டாடப்படுகிறது. புயலைச் சுற்றிப் போகலாம் என்று துணை அதிகாரி சொல்ல, முந்நூறு மைல் சுற்றினால் நிலக்கரிச் செலவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுக் கப்பலை நேரே செலுத்துகிறார் தலைவர். கீழ்த்தட்டில், வெப்பமண்டலக் குடியேற்றங்களில் பாடுபட்டுச் சேர்த்த வெள்ளி நாணயங்களோடு ஊர் திரும்பும் இருநூறு சீனக் கூலிகள். புயலில் பெட்டிகள் உடைந்து, நாணயங்கள் சிதறி, அவர்கள் உருண்டு புரண்டு அடிபடுகிறார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ பேச வாயெடுக்கிறான். அது மனித மொழியாகவே தோன்றாத ஒலி என்று எழுதுகிறார் கான்ராட். பெரிய எழுத்தாளர்தான், நிலக்கரிக் கணக்கைப் பதிவு செய்தமைக்காக அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தக் கூலி சொல்ல வந்தது என்ன? நூறாண்டு கழித்து, மும்பை மருத்துவமனை வாசலில் ஒலிவாங்கியின் முன் நின்ற தொழிலாளியின் பேச்சும் அப்படி ஓர் ஒலியாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வரலாறு வேறு வழியும் காட்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய, காப்பீட்டுப் பணத்துக்காகவே கடலுக்கு அனுப்பப்பட்ட கலங்களை ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்று அழைத்தார்கள். அவற்றில் ஏற மறுத்த மாலுமிகள் நூற்றுக்கணக்கில் சிறை சென்றார்கள். சாமுவேல் பிளிம்சால் நாடாளுமன்றத்தில் கொதித்தெழுந்து போராடியதன் பயனாக, கப்பலின் பக்கத்தில் சுமை எல்லைக்கோடு வரைவது 1876இல் கட்டாயமானது. ஆனால் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டது! அதைச் சட்டத்தால் நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க நேர்ந்தது. கோடு போடும் கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இந்திய ஒன்றியத்தில் இன்று அந்தக் கை யாருடையது? 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாத நேரத்தில் நிறைவேற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தியது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி என்ன செய்யலாம்? முதலாளியிடம் முறையிடலாம். முதலாளிக்கு அது ஆபத்தாகத் தோன்றாவிட்டால் ஆய்வாளருக்கு அனுப்புவார். அவர் முடிவே இறுதி. நங்கூரம் அறுந்துகொண்டிருக்கும்போது இந்த மனு எந்த அஞ்சலில் போகும்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை, உடனடியான கடும் ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் தொழிலாளியைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்று 1981லேயே கூறிவிட்டது. அது சலுகையல்ல, உயிர்வாழும் உரிமையின் குறைந்தபட்ச வடிவம்.

ஆகவே துறைமுகங்களிலும் எண்ணெய்த் துறையிலும் பணியாற்றும் நம் தோழர்கள் இரங்கல் கூட்டங்களோடு நின்றுவிடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தபின் எஞ்சின் இல்லாத எந்தக் கலத்திலும் ஆள் இருக்கக் கூடாது என்று சட்டம் எழுதச் சொல்ல வேண்டும். கரை திரும்பும் முடிவை ஒப்பந்தக்காரரின் கையிலிருந்து எடுத்து, கூலிப் பிடித்தமின்றி வேலையை நிறுத்தும் உரிமையோடு, தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். சாவுக்கான இழப்பீட்டில் தலைமை நிறுவனமே முதல் பொறுப்பாளி ஆக வேண்டும். பிழைத்து வந்தவர்களை நாம் தேடிப்போக வேண்டும். அவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். சிலர் மீண்டும் அதே கடலில் அதே வேலையில் இருக்கக்கூடும். அவர்கள் சொல்வதைத் தேதியோடும் மணியோடும் அவரவர் மொழியில் எழுதி வாங்கி, கையொப்பம் பெற்று, தொழிற்சங்க அலுவலகங்களில் சேர்த்துவைக்க வேண்டும். அடுத்த விசாரணைக் குழுவின் மேசையில் முதல் ஆவணமாக வைக்கப்பட வேண்டியது அதுவே.