காலனிச் சாக்கடையும் சுற்றுச்சூழல்தான்

சுற்றுச்சூழல் என்றதும் புலி, யானை, காடு என்றுதான் நமக்கு நினைவு போகிறது. காலனி ஓரத்தில் தேங்கும் சாக்கடையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தவர் ஒருவர் உண்டு: திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சியின் முன்னாள் தலைவர் இளங்கோ ரங்கசாமி.

தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, அரசு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு ஊர் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் நின்று தலைவரானார். 2001-லும் வென்றார். அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்தவரை ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

சாக்கடை கட்ட ஒப்பந்தக்காரரைத் தேடவில்லை. கிரானைட் ஆலைகள் கழித்த கற்களையும் உள்ளூர் ஆட்களையும் வைத்தே கட்டினார். செலவு குறைந்தது, விதிமீறல் என்று இடைநீக்கமும் வந்தது. மிச்சம் பிடித்ததற்குத் தண்டனை! கிராமசபை அவர் பக்கம் நின்றது. விசாரணைக்குப் பின் மீண்டும் பதவியில் அமர்ந்தார். அவர் காலத்தில் எழுந்த சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் பிற சாதிக் குடும்பம். நடுச்சுவர் ஒன்றுதான். பின்னாளில் சென்னைக் குப்பையைக் கொட்ட ஊரின் மேய்ச்சல் நிலத்தைக் கேட்டபோது, பதவியில் இல்லாத நிலையிலும் எதிர்ப்பில் முன்னின்றார்.

படித்தவர், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். படிப்பு மட்டும் போதாது. உயிரோடு விடவும் வேண்டும். அதே 1996 தேர்தலில் தேர்வான மேலவளவு தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் எவரும் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. இன்றும் பல ஊர்களில் கையெழுத்து தலித் தலைவருடையது, முடிவு வேறொருவருடையது.

தொட்டியம் ஒன்றியத்தில் காவிரியும் வாழையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்த வாழைக்குக் கூலிக்குப் போகிறவர்கள் வசிக்கும் தெருவில் கழிவுநீர் எங்கே போகிறது? குப்பை யார் வாசலில் எரிகிறது? கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் இதைத்தான் கேட்கவேண்டும். கேட்டதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டும்வரை உட்கார்ந்திருங்கள்.