கூட்டம் நடத்துறதும் ஒரு தொண்டுதான்

பதிவு கொஞ்சம் நீளம். திருவிழா வேலை தொடங்குறதுக்கு முன்னால சொல்லிடணும்னு எழுதுறேன்.

"இளைஞர்கள் கோயிலுக்கு வர்றதில்லை"ன்னு எல்லா ஆலயத்திலும் ஒரே பேச்சு. ஆனா பால்குடத்தன்னிக்கு விடியக்காலையில வந்து பந்தல்ல நிக்கிறது அதே பிள்ளைங்கதான். கூட்டம்னாதான் வர மாட்டேங்கிறாங்க. ஜொகூர் பாருவிலயும் சிங்கப்பூர்லயும் வேலை செஞ்சிட்டு வார இறுதியில மட்டும் ஊருக்கு வர்றவங்களுக்குக் கிடைக்கிறதே ஒரு சனிக்கிழமை ராத்திரி. அதுல மூணு மணி நேரம் பேசாம உட்கார்ந்துட்டுப் போக யாருக்கு மனசு வரும்? அவங்க பக்தியில குறை இல்லை. நாம கூட்டம் நடத்துற விதத்தைத்தான் பார்க்கணும்.

இதைப் பற்றி மனோதத்துவ ஆய்வாளர்கள் நிறையக் கண்டுபிடிச்சிருக்காங்க. நமக்கு உதவுற நாலு விஷயம் சொல்றேன்.

1. பெரிய செலவை முதல்ல பேசுங்க.
1950-களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் என்றொரு வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார். 1957-ல் வந்த தன் நூலில் ஒரு கற்பனைக் கூட்டத்தைக் கிண்டலாக எழுதினார். ஒரு கோடி செலவாகும் அணு உலை இரண்டரை நிமிடத்தில் பாஸ். சைக்கிள் கொட்டகைக்கு 45 நிமிடம். காப்பிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம்! காரணம், அணு உலை யாருக்கும் புரியாது, காப்பி எல்லாருக்கும் புரியும். நம்ம ஊர்க் கதையும் இதுதானே? திருப்பணிக் கொட்டேஷன் அஞ்சு நிமிஷத்தில் முடியும். மோருக்குப் பேப்பர் கப்பா பிளாஸ்டிக் கப்பான்னு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடும். கொட்டேஷனை மூணு நாள் முன்னாடியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. ஒவ்வொரு விஷயத்துக்கும் எத்தனை நிமிஷம்னு போடுங்க.

2. முதல்ல எழுதுங்க, அப்புறம் பேசுங்க.
1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நாலு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க யோசனை நின்னுபோகுதுன்னு பின்னால வந்த ஆய்வுகள் சொல்லுது. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், அஞ்சு நிமிஷம். இது போதும்.

3. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளுங்க.
கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் பேசுவாங்க, ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சது வெளியே வராமலே போகும். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-ல் இதைச் சோதனையில் காட்டினார்கள். அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி, போன தடவை எத்தனை மணிக்குச் சாம்பார் தீர்ந்துச்சுன்னு மடப்பள்ளி அக்காங்களுக்குத்தான் தெரியும். அவங்களோ பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாங்க. பேர் சொல்லிக் கேளுங்க. தலைவர் ஐயா கடைசியில் பேசட்டும். அவர் முதல்லயே முடிவைச் சொல்லிட்டா யாரு எதிர்த்துப் பேசுவா?

4. யார், எது, எப்போ.
எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே மறதியை அளந்து பார்த்தார். மனப்பாடம் செய்த அர்த்தமில்லாத அசைகளில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோனது. "முயற்சி பண்ணலாம்", "பார்த்துக்கலாம்" இதெல்லாம் மினிட்ல எழுதக்கூடாத வார்த்தைகள். எங்கே, எப்போ செய்வோம்னு முன்கூட்டியே குறிச்சு வெச்சவங்கதான் வேலையை அதிகமா முடிக்கிறாங்கன்னு கோல்விட்சர் என்பவரின் ஆய்வுகள் சொல்லுது. கலையறதுக்கு முன்னாடி அவங்கவங்க வேலையை, தேதியை அவங்கவங்க வாயாலேயே சொல்லட்டும். செயலாளர் அதை அன்னிக்கு ராத்திரியே குரூப்பில் போடட்டும்.

"தம்பி, இது கம்பெனி இல்ல, கோயில்"னு சில பெரியவங்க சொல்வாங்க. நியாயமான பேச்சுதான். ஆனா ஒழுங்கான கூட்டம் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்க. 921-லேயே சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர்னு வேலைக்கு ஏத்தபடி சின்னக் குழுக்கள். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் கிடையாது. நாமும் அன்னதானத்துக்கு ஆறு பேர், பந்தலுக்கு ஆறு பேர்னு பிரிச்சு, முடிவை மட்டும் பெரிய கூட்டத்துக்குக் கொண்டு வரலாமே. பெரியவங்க கடைசியில் பேசுறதும் மரியாதைக் குறைவு இல்லை. எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொல்ற வார்த்தைக்குத்தான் எடை அதிகம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நான் தொடச் சொல்லவில்லை. அதுக்கு ஆலயச் சட்டவிதி இருக்கு, சங்கப் பதிவகத்துக்கு 60 நாளுக்குள் அறிக்கை அனுப்பணும். மாதாந்திரச் செயலவையையும் திருவிழாக் கூட்டத்தையும்தான் சொல்றேன்.

தோட்டங்களில் இருந்த நம்ம ஜனங்க பெரும்பாலும் டவுனுக்கும் வெளியூருக்கும் போயாச்சு. இன்னும் பதினைந்து வருஷத்தில் ஆலயச் சாவியை யார் கையில் கொடுக்கப் போறோம்? கூட்டத்தில் ஒரு தடவைகூட வாய் திறக்க இடம் கிடைக்காத பிள்ளை அந்தப் பொறுப்பை எடுத்துக்குமா?

அடுத்த திருவிழாக் கூட்டத்தில் இந்த நாலில் ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாருங்க. துண்டுத் தாள் நான் கொண்டு வர்றேன்.

வேலும் மயிலும் துணை.