சுபஹுக்கு எழும்பும் வாப்பாமாரும் நித்திரைக் குளிசையும்



இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாப்பா வாசித்தால் கோபிப்பார். ஆனாலும் ஊரில் பல வீடுகளில் உள்ள விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, பாடசாலை வாசலில் எனக்கு கேட் டியூட்டி. பேத்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த வாப்பா நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. வேகமாக வரவில்லை. பிரேக் பிடிக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். ஆறாம் தரப் பிள்ளை ஒன்றின் புத்தகப் பை ஹேண்டிலில் கொழுவி, பிள்ளை விழுந்தது. முழங்கையில் உரசல் மட்டும், அல்ஹம்துலில்லாஹ். "பிள்ளை குறுக்கே பாய்ந்தது" என்றார் வாப்பா. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிள்ளை பாயவில்லை.

வாப்பாவுக்கு 71 வயது. 40 வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறார், ஒரு விபத்தும் இல்லை. உம்மா மௌத்தான பிறகு நித்திரை வராமல் இருந்ததால் டொக்டர் கொஞ்ச நாளைக்கு என்று குளிசை எழுதிக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாகிவிட்டது. பழைய துண்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

கண் விழித்துவிட்டால் மருந்தும் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. டயஸிபாம் என்ற குளிசையை எடுங்கள். உடம்பில் அது பாதியாகக் குறைவதற்கே இளம் வயதில் ஒரு நாளளவு ஆகும். எழுபது வயதில் அது மூன்று நாளை நெருங்கலாம். தினமும் இரவில் போடுபவருக்கு நேற்றையதும் முந்தநாளையதும் சேர்ந்தே உள்ளே இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 67 முதல் 84 வயது வரையான சாரதிகளை வைத்துச் செய்து 1997இல் வெளியான ஆய்வில், இப்படி நீண்ட நேரம் தங்கும் குளிசைகளைத் தொடங்கிய முதல் வாரத்தில் விபத்து 45 சதவீதம் கூடியிருந்தது.

சீக்கிரம் இறங்கும் குளிசைகளும் இருக்கின்றன. சொல்பிடெம் அப்படியானது. அதைப் போட்டால் ஏழெட்டு மணித்தியாலம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அப்படித் தூங்கியும் காலையில் இரத்தத்தில் மிச்சம் நிற்கிறது, வாகனம் ஓட்டுவது ஆபத்து என்றுதான் 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். இஷா முடிந்து, சாப்பிட்டு, செய்தி பார்த்து, வாப்பா குளிசை போட பதினொரு மணி. நாலரைக்கு எழும்பி வுழூ. இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு. ஐந்தரை மணித்தியாலம்தான் ஆகியிருக்கிறது! சுபஹுக்கு எழும்புபவரின் இரவு இவ்வளவுதான் என்பதை எந்த டொக்டரிடமும் நாங்கள் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை.

நெதர்லாந்தில் உண்மையான பெருந்தெருவிலேயே கார் ஓட வைத்துச் சோதித்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு சொபிக்லோன் போட்டவர்களின் கார் மறுநாள் காலையிலும் கோட்டுக்குள் இங்குமங்கும் அலைந்தது, மது குடித்தவர் ஓட்டுவதைப் போல. நாங்கள் குடிக்காத சமூகம் என்று பெருமைப்படுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பொலிஸ் ஊதச் சொல்லும் பலூனில் குளிசை தெரியாது.

எல்லாம் நித்திரைக் குளிசை என்ற பெயரில் வருவதுமில்லை. சீனி வருத்தக்காரரின் கால் எரிவுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், தடிமனுக்கு வாங்கி "நல்லா நித்திரை வருது" என்று தொடரும் பிரிட்டோன், இரண்டும் காலையில் மந்தமாக்கக்கூடியவை.

வாப்பாவிடம் பேசியதுதான் கஷ்டமான பகுதி. "எனக்குத் தலை சுத்துதா? தள்ளாடுறேனா?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நடக்கிறார், பேசுகிறார், குர்ஆன் ஓதுகிறார். பிந்துவது ஒரு கணம்தான், அது அவருக்குத் தெரிவதில்லை. பைக்கை எடுக்க வேண்டாம் என்பது அவருக்கு "நீ கிழவன்" என்று சொன்ன மாதிரி. உம்மா போன பிறகு அவருக்கென்று மிஞ்சிய வேலை பேத்தியைக் கொண்டுபோய் விடுவது. அதையும் பறிக்கப் போகிறேன் என்று நினைத்தார். மூன்று நாள் பேசவில்லை.

தயவுசெய்து இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை இன்றே வீசிவிட வேண்டாம். மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போங்கள். எத்தனை மணிக்குப் போடுகிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், எதை ஓட்டுகிறார் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். வாப்பாவுக்கு இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னார்கள். செய்தி பார்ப்பதுதான் நின்றுபோனது.

பைக் திறப்பு இப்போது என்னிடம். சுபஹுக்குப் பக்கத்து வீட்டுக் காக்காவோடு நடந்து போகிறார். பேத்தியைக் காலையில் நான் கூட்டிப் போகிறேன். பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவிலிருந்து மூத்தப்பா நடந்துபோய்க் கூட்டி வருகிறார். வழியில் கடையில் நின்று இருவரும் என்ன வாங்கித் தின்கிறார்கள் என்று எனக்கு இதுவரை சொல்லவில்லை.